கோட்டுக்கு மேலே ஒரு கொக்கி

அத்தியாயம் 9

போன வாரம் இந்தக் குடும்பத்தை நாம் விட்டுவிட்டு வந்த இடம் சாப்பாட்டு மேசை. அம்மா தன் சுருக்கெழுத்து நோட்டைத் திறந்துவைத்து, ஒரே பக்கத்தை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு கொக்கி. நகக்கண் அளவுகூட இல்லாத பென்சில் கொக்கி.

ஒரு கொக்கிக்கா இத்தனை கலக்கம் என்பவர்களுக்கு அம்மாவின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் நகர மன்றத்தின் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசுவதைக் கூட்டத்தில் உட்கார்ந்து பென்சிலால் பிடித்து, பிறகு கணினியில் அடித்து, கூட்டக் குறிப்பாக எல்லோருக்கும் அனுப்புவது அவள் பொறுப்பு. அந்த மன்றத்தில் அதிகம் அடிபடும் சொல் 'கேட்கப்பட்டது'. யாராவது எதையாவது கேட்டு வந்து பேசுவார்கள். தலைவர் "சரி, கேட்டாச்சு" என்பார். குறிப்பில் 'கேட்கப்பட்டது' என்று ஏறும். அதோடு அந்த விஷயம் கிணற்றில் போட்ட கல்.

வேலைக்கு வந்த முதல் வருடமே அம்மா இந்தச் சொல்லுக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டாள். கோட்டுக்குக் கீழே கொக்கி போட்டால் 'கேட்கப்பட்டது'. அதே கொக்கியைக் கோட்டுக்கு மேலே போட்டால் 'ஏற்கப்பட்டது'. கீழே என்றால் தூங்கும், மேலே என்றால் நடக்கும். இத்தனை வருடத்தில் மேலும் கீழும் ஒரு தடவைகூட மாறியதில்லை.

போன மாதம் மாறிவிட்டது. அதுவும் யார் பேச்சில்? பெற்ற மகளின் பேச்சில்.

மகளை வீட்டில் 'மனு' என்பார்கள். சொந்தப் பெயர் வேறு. ஏழு வயதில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் விடவில்லை. இப்போது பத்தொன்பது வயது. தொழிற்பயிற்சிப் பள்ளியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டப் படிக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன் நகர மன்றம் இளையோர் மன்றம் ஒன்றைத் தொடங்கியபோது, ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பதினைந்து பேரில் அவளும் ஒருத்தி. மாதம் ஒரு தடவை நகர மன்றக் கூட்டத்தில் அவர்களுக்குப் பத்து நிமிடம் உண்டு. பேசலாம், வாக்கு கிடையாது.

மனு பேசியது பஸ்ஸைப் பற்றி. பயிற்சிப் பள்ளிப் பக்கம் வரும் நகர மன்றத்து நாலாம் நம்பர் வண்டி மாலை ஐந்தே முக்காலோடு சரி. வகுப்பு முடிவதோ ஆறு மணிக்கு. நூற்று நாற்பது பிள்ளைகள் லாரிகள் போகும் சாலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் லேத் எந்திரப் பிரிவில் படிக்கும் ஒரு பெண்ணை லாரி இடித்துக் கால் முறிந்தது. கடைசி வண்டியை ஆறரைக்கு மாற்றுங்கள் என்று அவள் கேட்டாள். தலைவர் வழக்கம்போல் "சரி, கேட்டாச்சு" என்றார்.

அந்த நொடியில் அம்மா, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். நோட்டை விட்டுத் தலை நிமிர்ந்தாள். தன் பெண் எப்படி நிற்கிறாள் என்று ஒரே ஒரு தடவை பார்க்க ஆசை. கை தன் பாட்டுக்கு எழுதியது. கொக்கி கோட்டுக்கு மேலே போய் உட்கார்ந்தது. பிறகு தட்டச்சு செய்தபோது கையும் கண்ணும்தான் வேலை பார்த்தன, மனசு பார்க்கவில்லை. 'ஏற்கப்பட்டது' என்று அச்சாகி, போன வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் போய்விட்டது. மனு அதைப் பயிற்சிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியும்விட்டாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்குக் கூட்டம். முதல் வேலையே போன கூட்டக் குறிப்பை உறுதி செய்வது. உறுதியாகிவிட்டால் அப்புறம் அதுதான் நடந்தது. நிஜமாக நடந்தது எதுவாக இருந்தாலும் சரி.

---

காலையில் வீடு வழக்கம்போல்தான் இருந்தது. அப்பா சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாலாம் நம்பர் வண்டியின் மாலை ஓட்டுநர் அவர்தான். இரண்டு மாதமாக அவர் பேச்சு குறைந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டினால் ஆண்களுக்கு அப்படித்தான் ஆகும் போல என்று அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

மனு கண்ணாடி முன் நின்று நன்றி உரையை ஒத்திகை பார்த்தாள். இன்றைய பத்து நிமிடத்தில் நகர மன்றத்துக்கு நன்றி சொல்லப் போகிறாளாம். 'மாண்புமிகு' என்பதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நாலும் அவளுக்கே சிரிப்பாக வந்தது.

"ஆறரை வண்டின்னா நான் வீட்டுக்கு வர ஏழே முக்கால் ஆகும். உன் மனுவுல உங்கப்பன் சாப்பாட்டு நேரம் எங்கேயாவது இருக்கா?" என்றார் அப்பா, சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே.

மனு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மடித்த தாள் ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் அம்மா அதை விட்டிருக்க மாட்டாள். அந்தத் தாளின் பூர்வீகத்தையே விசாரித்திருப்பாள். இன்று அவள் கவலை அவளுக்கு.

மகளிடம் சொல்லிவிட மூன்று தடவை வாயெடுத்தாள். முதல் தடவை குக்கர் கத்தியது. இரண்டாம் தடவை மனுவின் போன் அடித்தது. கால் கட்டோடு இருக்கும் அந்த லேத் பிரிவுப் பெண், தானும் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னாள். மூன்றாம் தடவை எந்தச் சத்தமும் இல்லை. அம்மாவுக்குத்தான் வாய் வரவில்லை. டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

---

அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் ஆறு பென்சில்களைச் சீவினாள். நான்கு போதும்.

பத்தரை மணிக்குத் துணிந்து செயலாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும் மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். குறிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாராவது கேட்டார்களா என்றார். இல்லை என்றாள். அப்படியானால் நாமாக ஏன் கிளற வேண்டும், அந்தக் குறிப்பைப் படிக்கிற புண்ணியவான் யார் இருக்கிறார், கூட்டத்தில் அலுவலர்களுக்குப் பேச்சுரிமையும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் மேடம் என்று அனுப்பிவிட்டார்.

படிக்கிற புண்ணியவான் ஒருவர் இருந்தார். அச்சகம் நடத்தும் உறுப்பினர். பதினைந்து வருடமாகக் கூட்டக் குறிப்பை வரிவரியாகப் படித்து, மாதம் தவறாமல் ஒரு திருத்தம் கொண்டுவருவதால் அவருக்கு மன்றத்தில் 'திருத்தம்' என்றே பெயர். பஸ் விஷயத்தைப் போன மாதம் எதிர்த்துப் பேசியவரும் அவரே. இருக்கிற வண்டியை ஒழுங்காக ஓட்டினால் போதும் என்பது அவர் கட்சி.

பதினொன்றரைக்கு அவரே வந்து அம்மாவின் மேசை முன் நின்றார். கையில் கூட்டக் குறிப்பு.

"ஏம்மா, ரெண்டாம் பக்கத்துல 'சாலை பணிகள்'னு இருக்கே, நடுவுல இருந்த 'ப்' எங்க போச்சு? பட்ஜெட்ல வெட்டிட்டாங்களா?"

அம்மா மன்னிப்புக் கேட்டாள். இதைக் கூட்டத்தில் எழுப்புவேன் என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று நடந்தார்.

அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கண்ணில் அந்தச் சொல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். குறிப்பு எழுதியவள் யார் என்று ஒரு கேள்வி எழும். கேட்டவள் யார் என்று அடுத்த கேள்வி. அம்மா எழுதினாள், பெண் வாங்கினாள் என்று ஊரே சொல்லும். தன் வேலை போனால்கூடப் பரவாயில்லை. எட்டு மாதக் குழந்தையான அந்த இளையோர் மன்றத்தை, பிள்ளைகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி இழுத்து மூடிவிடுவார்கள். அதற்காகவே காத்திருப்பவர்கள் மன்றத்தில் நாலு பேராவது உண்டு. அவர் கண்ணில் படாவிட்டாலோ, பஸ் வரும். மகள் மன்றத்தில் பேசி முதன்முதலாக ஜெயித்தது ஒரு எழுத்துப் பிழையால் என்பதைத் தான் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

இரண்டு வழியும் பிடிக்கவில்லை. கை தவறியதா, மனசு தவறியதா என்றுகூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் அரித்தது.

---

இரண்டு மணிக்கு மனு வந்தாள். அம்மா அவளைப் பழைய ஃபைல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சுவர் முழுக்க அலமாரிகள். இருபத்திரண்டு வருடத்துக் குறிப்புகள் கட்டுக்கட்டாக இருந்தன. நோட்டைத் திறந்து கொக்கியைக் காட்டி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மனு ஆச்சரியப்படவில்லை. நோட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்மா. நான் அங்கதானே நின்னேன். தலைவர் கேட்டாச்சுன்னுதான் சொன்னாரு."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்துமா பலகையில் ஒட்டினாய் என்று கேட்டாள்.

"நீ வேணும்னே போட்டேன்னு நெனச்சேன்." மனு அலமாரியில் இருந்த கயிற்று முடிச்சை நிமிண்டிக்கொண்டே சொன்னாள். "கூட்டம் என்னைக்குன்னு கேட்டாக்கூட ஆபீஸ் ரகசியம்பே. அப்பேர்ப்பட்ட நீ எனக்காக ஒரு வார்த்தையை மாத்தி எழுதிட்டேன்னு நெனச்சேன். தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா. அதான் உன்கிட்டக் கேக்கவே இல்ல. கேட்டா நீ இல்லேன்னு சொல்லிடுவியோன்னு."

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் மகளுக்குக் கொடுக்காத ஏதோ ஒன்றை ஒரு பிழை கொடுத்துவிட்டதே என்ற வருத்தமும், பெண்ணின் மனசில் தனக்கு இப்படி ஒரு இடம் காலியாகக் காத்திருந்ததே என்ற சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவள் மகளின் தலையைத் தடவினாள். முடியை ஒழுங்காகப் பின்னக் கூடாதா என்றாள்.

தானே கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவதாக அம்மா சொன்னாள். மனு வேண்டாம் என்றாள். அம்மா சொன்னால் மெமோ வரும். அந்தத் 'திருத்தம்' கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். நாங்களே சொன்னால் யாரும் எதுவும் பேச முடியாது. வெளியே காத்திருக்கும் மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று கால் கட்டோடு வந்திருக்கும் பெண்ணிடம் சொல்வது சுலபமான வேலையா? மனு கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு போனாள்.

---

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நீள மேசையைச் சுற்றிப் பதினோரு உறுப்பினர்கள். ஓரத்து பெஞ்சில் இளையோர் மன்றத்தார் ஐந்து பேர். லேத் பிரிவுப் பெண் கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். முகம் உம்மென்று இருந்தது. அம்மா தலைவருக்குப் பக்கத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில்.

போன கூட்டக் குறிப்பில் யாருக்காவது திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டார். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அச்சகக்காரர் எழுந்து தொலைந்துபோன 'ப்' பற்றி இரண்டு நிமிடம் பேசினார். 'ப்' மீட்கப்பட்டது. அவர் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். அம்மாவின் பென்சில் முனை உடைந்தது.

வேறு திருத்தம் உண்டா என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார். பெஞ்சில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

இளையோர் விஷயம் ஏழாவதாக வருகிறது, அப்போது பேசலாம் என்றார் தலைவர். 'திருத்தம்' சும்மா இருப்பாரா? எவருடைய பேச்சு குறிப்பில் இருக்கிறதோ அவர் திருத்தம் சொல்லலாம் என்று விதி இருப்பதை நினைவூட்டினார். அவருக்கு மனு யார் என்பது முக்கியம் இல்லை. திருத்தம் என்று ஒன்று வந்தால் அதற்கு வழிவிட வேண்டும்.

மனு எழுந்தாள். காலையில் ஒத்திகை பார்த்த 'மாண்புமிகு' எதுவும் வரவில்லை.

"மூணாம் பக்கம், மூணாவது வரி. நாங்க பஸ் கேட்டதுக்கு 'ஏற்கப்பட்டது'ன்னு இருக்கு. தலைவர் அன்னைக்கு ஏத்துக்கல. கேட்டாச்சுன்னுதான் சொன்னாரு. 'கேட்கப்பட்டது'ன்னு மாத்தணும்."

மேசையைச் சுற்றி ஒரு சலசலப்பு. கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுக்கிறவர்களை அந்த மன்றம் கட்டிய நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை. மேசைக் கோடியில் ஒருவர், குறிப்பை எழுதியது யார் வீட்டு ஆள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தார்.

அம்மா எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று மகள் சொன்னது நினைவில் இருந்தது, கால்கள் கேட்கவில்லை.

"எழுதினது நான். தப்பு என்னோடது."

அவ்வளவுதான். உட்கார்ந்து வேறு பென்சிலை எடுத்தாள். அந்த மண்டபத்தில் அவள் பேசிய முதல் இரண்டு வாக்கியங்கள் அவை. அவற்றையும் அவளே குறித்துக்கொண்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமி, திருத்தத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். மனு உட்காரவில்லை. ஒரு சந்தேகம் என்றாள்.

"'கேட்கப்பட்டது'ன்னா, கேட்டது யாரு? நாங்க பஸ் கேட்டோம். நாங்க பேசினதை நீங்க கேட்டீங்க. ரெண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டிருக்கு. நாங்க கேட்டதுன்னா, பதில் எங்க? நீங்க கேட்டதுன்னா, கேட்டு என்ன முடிவு பண்ணீங்க?"

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பதினைந்து வருடமாக ஒற்றெழுத்தைத் தேடி அலைந்த மனிதருக்கு ஒரு முழு எழுவாயே காணாமல் போயிருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

"எழுவாய் இல்லாத வாக்கியம் தலைவரே. யார் கேட்டது, கேட்டு என்ன ஆச்சுன்னு இல்லாத ஒண்ணை எப்படி உறுதி பண்றது?" என்றார். வாக்கியத்தை இன்றே முடிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்.

அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தலைவர் நழுவப் பார்த்தார். குறிப்பு உறுதியாகாமல் அடுத்த பொருளுக்குப் போக விதி இடம் தராது என்றார் அச்சகக்காரர். பத்தாவது பொருள் தலைவர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்திருந்த பூங்கா நுழைவாயில். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், நுழைவாயில் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு பஸ் விஷயத்தை வாக்குக்கு விட்டார்.

ஆதரவாக ஆறு கைகள். எதிராக நாலு. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்த்த நாலில் ஒன்று அச்சகக்காரருடையது. இலக்கணம் வேறு, கொள்கை வேறு என்று அவரே பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார்.

மூன்று மாதம் வெள்ளோட்டம். நாலாம் நம்பர் கடைசி வண்டி ஆறரைக்கு. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு வாரத்துக்குள் ஓட்டுநர்கள் எழுத்தில் இசைவு தர வேண்டும். லேத் பிரிவுப் பெண் நாற்காலியில் இருந்த காலை மறந்து எழப் பார்க்க, இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மா இந்தத் தடவை தலை நிமிரவில்லை. கண்ணை நோட்டிலேயே வைத்து, கோட்டுக்கு மேலே, அழுத்தமாக, ஒரு கொக்கி போட்டாள்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் வந்து, நாளைக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் மேடம் என்றார். கொடுக்கிறேன் என்றாள். எழுத அவளுக்கு ஒன்றும் கஷ்டமாகத் தோன்றவில்லை.

---

அப்பா ஏழு மணிக்கு வந்தார். அம்மாவும் மகளும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து கதையைச் சொன்னார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்ததை மனு நடித்தே காட்டினாள். ஓட்டுநர்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி, அது நம் வீட்டு விஷயம், அப்பா ஒரு வார்த்தை சொன்னால் பணிமனையில் மறுபேச்சு உண்டா என்றாள்.

அப்பா சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, காலையில் வைத்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

நேர மாற்றத்துக்கு நாங்கள் இசையவில்லை என்று எழுதியிருந்தது. கீழே பதினெட்டுக் கையெழுத்துகள். முதல் கையெழுத்து அவருடையது. பயிற்சிப் பள்ளிப் பலகையில் அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கே பணிமனையில் எழுதியதாம். இன்று கொடுக்கப் போய், மன்றத்து வாசல் வரை நடந்து, திரும்பிவிட்டாராம்.

மனுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அவர் பேசினார்.

"தலைவரைக் கேட்டீங்க. பசங்க எல்லாரையும் கேட்டீங்க. வண்டி ஓட்டுறவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மத்தியானம் பதினோரு பேரைத் திணறடித்த சொல் இப்போது அவள் வீட்டு மேசையில், அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அப்பா ஓட்டும் வண்டியைப் பற்றி எட்டு மாதம் பேசியிருக்கிறாள், அப்பாவிடம் ஒரு நாளும் பேசவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கலப்பா. தப்புதான். இப்பக் கேக்குறேன், சொல்லுங்க."

அம்மாவின் கை தானாக நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தது. தொழில் பழக்கம் லேசில் விடுமா? ஆனால் கொக்கி போடவில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. முழு எழுத்தில், எழுவாயோடு, 'மனு கேட்டாள்' என்று எழுதினாள்.

அப்பா முதலில் அந்தச் சாலையின் திருப்பத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும், ஒரு விளக்கும் கிடையாது, ஆறு மணிக்கு மேல் கிடங்கில் இருந்து லாரிகள் வரிசையாக வரும். மனு தலையாட்டிக்கொண்டே கேட்டாள். விளக்குக்கு யாரிடம் போக வேண்டும் என்று அவள் மனசு அதற்குள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. அப்பா நிறுத்தினார். மேசைமேல் இருந்த தன் கையெழுத்தை விரலால் தேய்த்தார்.

"அது மட்டும் இல்லம்மா. கால் முறிஞ்சுதே அந்தப் பொண்ணு. அன்னைக்கு வண்டியைப் பிடிக்கணும்னு பாதி வகுப்புல கிளம்பி ஓடி வந்துச்சு. கையை ஆட்டிக்கிட்டே வந்துச்சு. என் கண்ணாடியில தெரிஞ்சுது. மணி அஞ்சே முக்கால் ஆயிடுச்சுன்னு நான் வண்டியை எடுத்துட்டேன். அது நடந்து போறப்பதான் லாரி இடிச்சுது; அதுலேர்ந்து அந்த ரோட்டுல இருட்டுல ஓட்டவே பயமா இருக்கு."

இதைக் குறிப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்தாள். நோட்டை மூடிவிட்டு, அவளும் கேட்டாள்.